பிப்ரவரி முப்பதில் காலமானவர்

"மேடம், என்னை யாரோ சாவடிச்சிட்டாங்க. அது யாருன்னு கண்டுபுடிச்சுக் குடுங்க."

சொன்ன ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நன்றாக மூச்சு விட்டார். யூசுப் வாங்கி வந்து வைத்த டீயில் பாதியைக் குடித்தும் விட்டார். வெளிர்நீலச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், நெற்றியில் புதுத் திருநீறு என்று கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் மாதிரிதான் இருந்தார்.

அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு பேன்சி ஸ்டோரின் மாடியில் இருக்கிறது சாமுண்டி துப்பறியும் நிலையம். கல்யாண விசாரணைதான் அங்கே அன்றாடச் சோறு. மாப்பிள்ளை குடிப்பாரா, வேலையில்தான் இருக்கிறாரா, ஏற்கெனவே எங்கேயாவது ஒரு குடும்பம் வைத்திருக்கிறாரா என்று பார்த்துச் சொல்வார்கள். கொலை கேஸ் என்று ஒன்று வரவே வராதா என்று உதவியாளன் யூசுப் ஏங்கிக்கொண்டிருந்தான். வந்தே விட்டது, அதுவும் நடந்து.

"பாடியே படியேறி வந்துகீது மேடம். போலீஸ்காரங்களுக்குக்கூட இந்தக் கொடுப்பினை கெடையாது" என்றான்.

நிலையத்தை நடத்தும் சாமுண்டீஸ்வரி அவனைப் பார்த்த பார்வையில் அடுத்த ஜோக் தொண்டைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. "பேரு சொல்லுங்க" என்றார் வந்தவரிடம்.

"செல்வகுமார் மேடம். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனில குவாலிட்டி இன்ஸ்பெக்டரா கீறேன்." சொல்லிவிட்டு, சுருட்டி வைத்திருந்த போஸ்டரை மேஜைமேல் விரித்தார். சுவரிலிருந்து உரித்தது. பின்பக்கம் பசையும், யாரோ ஒரு வேட்பாளரின் பாதித் தலையும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன.

மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் செல்வகுமாரின் முகம். சுற்றிலும் ரோஜா, இரண்டு பக்கமும் எரியும் குத்துவிளக்கு, மேலே பறக்கும் வெள்ளைப்புறா. ஒரு குறையும் வைக்கவில்லை.

"அண்ணனூர், திருமுல்லைவாயல், ஆவடி, எங்க பாத்தாலும் இதான் மேடம். இன்னிக்கு எனக்குப் பொண்ணு பாக்கற நாள். நூம்பல்ல பொண்ணு ஊடு. நேத்து பொண்ணோட அப்பா போன் பண்ணாரு. 'யார் பேசறது?'ன்னாரு. 'செல்வகுமார்'னேன். 'அவர்தான் செத்துட்டாரே, நீங்க யாரு?'ன்னு கேட்டாரு. நான்தான்னு சொல்லச் சொல்ல நம்பல. 'செத்தவரை மறைச்சுட்டு அவர் தம்பியைத் தலைல கட்டப் பாக்கறீங்களா?'ன்னு திட்டிட்டு வெச்சுட்டாரு. எனக்குத் தம்பியே கெடையாது மேடம்."

"ஆதார் கார்டைக் காட்டுங்களேன்" என்றான் யூசுப்.

"வாட்ஸப்ல அனுப்பினேன். 'இது மூணாவது ஆளாட்டம் கீதே'ன்னு கேக்கறாரு." செல்வகுமார் மிச்ச டீயைத் தள்ளி வைத்தார். "முப்பத்தஞ்சு வயசு மேடம் எனக்கு. எத்தினியோ எடத்துல ஜாதகத்தோடயே ஆட்டம் குளோஸ். 'வந்து பாருங்க'ன்னு சொன்ன மொத குடும்பம் இதான். நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ளாற இதைச் செஞ்சவனை இழுத்துக்கினு போய் அவர் முன்னால நிக்க வெக்கணும். இல்லாட்டி இந்த எடமும் போச்சு."

சுவர்க் கடிகாரம் ஒன்றரையைத் தாண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையில் பிரியாணி தின்று தூங்கவேண்டிய நேரம். யூசுப்புக்கு அந்த ஆளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவனும் இன்னும் கல்யாணம் ஆகாதவன்தான்.

"எதிரிங்க யார்னா கீறாங்களா?" என்று கேட்டான்.

"கிரிக்கெட் டீம்ல நான்தான் கேப்டன். ஒருத்தனைப் பதினொன்னாவது ஆளா எறக்கி உட்டேன். அவனுக்குக் கோவம்."

"அதுக்கு எதுக்கு நாலு கலர்ல போஸ்டர்? ரன் அவுட் பண்ணி உட்ருப்பான்" என்றான் யூசுப்.

சாமுண்டீஸ்வரிக்குக் கைரேகை, பவுடர், பூதக்கண்ணாடி எதுவும் ஒத்துவராது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மளிகைச் சாமானில் கல் பொறுக்குகிற மாதிரி போஸ்டரைப் பார்ப்பார். அவ்வளவுதான் அவருடைய விஞ்ஞானம். பார்த்தவர் சிரித்தார்.

"இதை ஒட்டினவன் எதிரி இல்லை. மறைவு என்னிக்குன்னு படி யூசுப்."

"பிப்ரவரி முப்பது" என்று படித்தவன் நிறுத்தினான். "இன்னாது?"

செல்வகுமாரும் எட்டிப் பார்த்தார். தன்னுடைய சாவுத் தேதியைத் தானே அப்போதுதான் படிக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கண்ணீர் அஞ்சலியில் போட்டோவைப் பார்த்ததும் 'அடப்பாவமே' என்று உச்சுக்கொட்டிவிட்டு பஸ் வருகிறதா என்று பார்ப்பதுதானே ஊர் வழக்கம்? தேதியை எவன் படிக்கிறான்?

"உங்களைக் கெடுக்க நினைக்கறவன் நேத்து தேதியைப் போடுவான். இவன் வராத தேதியா யோசிச்சுப் போட்டிருக்கான். யாருக்கும் கெடுதல் வந்துடக் கூடாதுன்னு ஜாக்கிரதையா இருந்திருக்கான்." சாமுண்டீஸ்வரி விரலைப் போட்டோவின் ஓரத்துக்கு நகர்த்தினார். "அடுத்தது இதைப் பாருங்க. உங்க வாயோரத்துல ரெண்டு விரல் தெரியுது. மீசையில வெள்ளையா கிரீம். எழவு போஸ்டர்ல யாருங்க உங்களுக்குக் கேக் ஊட்டறது?"

செல்வகுமார் உற்றுப் பார்த்தார். "அடடே! போன வருசம் பொறந்தநாளுக்கு எடுத்தது மேடம். டீம் பசங்க இந்த வருசம் அதையே பேனரா அடிச்சு மொனையில வெச்சாங்க. 'வருங்காலமே வாழ்க'ன்னு."

"பேனர் எங்கே அடிச்சது?"

"அண்ணனூர் ஸ்டேஷன் ரோட்ல. தேவா டிஜிட்டல்ஸ்."

"வாழ்க சொன்னவனேதான் வழியனுப்பியும் வெச்சுகீறான்" என்று யூசுப் ஸ்கூட்டர் சாவியை எடுத்தான்.

சாமுண்டீஸ்வரி யூசுப்பின் பின்னால் உட்கார, செல்வகுமார் தன் பைக்கில் தொடர்ந்தார். ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றவே கூடாது என்று அவருக்குக் கண்டிப்பான உத்தரவு. ஆனாலும் மார்ச் மாத வெயில் யாரை விட்டது? சிக்னலில் வேர்வை துடைக்க ஒரு நிமிஷம் ஏற்றினார். பக்கத்து ஆட்டோக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார், எதிர்ச் சுவரிலிருந்த போஸ்டரைப் பார்த்தார், சிவப்பு விளக்கு எரிவதை மறந்து ஆட்டோவை முடுக்கிக்கொண்டு போயே போய்விட்டார்.

தேவா டிஜிட்டல்ஸ் ஒரே ஓர் அறைதான். வாசலில் பூப்புனித நீராட்டு விழா, திறப்பு விழா, நினைவஞ்சலி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்திருந்தன. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த தேவா தலையைத் தூக்கினார். செல்வகுமார் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

அந்தக் கனத்த உடம்பு அவ்வளவு வேகமாக மேஜைக்கு அடியில் போகும் என்று யூசுப் நினைக்கவேயில்லை.

"அண்ணாத்தே! உனக்கு நல்லாத்தானே போட்டேன்? புறாகூட வெச்சேனே! என்னைய ஏன் தேடிக்கினு வந்த?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"புறா சின்னதா கீதாம். பெருசா வெக்கச் சொல்லி வந்துகீறாரு" என்றான் யூசுப்.

செல்வகுமாரின் கையைத் தொட்டுப் பார்த்து, அது சூடாக இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் தேவா வெளியே வந்தார். வந்தவர் அழாத குறையாக நடந்ததைச் சொன்னார்.

"வெள்ளிக்கெழமை சாயங்காலம் ஒரு ஸ்கூல் புள்ள போன் பண்ணுச்சு. 'அங்கிள், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேணும், பேரு செல்வகுமார், ரொம்ப அர்ஜென்ட்'னு. மேட்டரும் போட்டோவும் வாட்ஸப்ல வந்துச்சு. போட்டோவத் தொறந்தா, ஒரு பையன். ஐப்ரோ பென்சில்ல மீசை வரைஞ்சுகினு சிரிக்கறான்! சாவுல யார்னா இப்டி வெளையாடுவாங்களா? பாவம், அப்பனைப் பறிகொடுத்த துக்கத்துல புள்ள தப்பான போட்டோவ அனுப்பிச்சுன்னு நெனச்சேன். திரும்பிக் கேட்டா அழுவும். அதான் என் கம்ப்யூட்டர்லயே செல்வகுமார்னு அடிச்சுத் தேடினேன். இவரு வந்தாரு."

"வந்ததும் கொன்னுட்டீங்க" என்றார் சாமுண்டீஸ்வரி. "அந்தப் பொண்ணு எத்தனை கேட்டது?"

தேவா நிமிர்ந்தார். இந்த இடத்தில் அவருக்கு ஒரு கர்வம் வந்துவிட்டது. "எழவூட்டுக்காரங்கள எத்தினின்னு கேக்கக் கூடாது மேடம். எங்க தொழில்ல அது மொறை இல்ல. அழுதுகினு கீறவங்க கணக்கா சொல்லுவாங்க? நாமளே பாத்து நெறைய அடிச்சு, நாமளே ஒட்டியும் உட்ரணும். ராத்திரியே குட்டியானை வேன்ல ஆள் அனுப்பி ஆவடி வரைக்கும் ஒட்டிட்டேன்."

"தேதியைப் பாக்கலியா?"

"மேட்டர் கஸ்டமரோடது. அதுல கை வெக்க மாட்டோம்."

நல்ல மனசு சில சமயம் எப்பேர்ப்பட்ட நாசத்தைச் செய்யும் என்று யூசுப் வியந்தான். கெட்டவனாக இருந்திருந்தால் இரண்டு போஸ்டரோடு நிறுத்தியிருப்பான்.

"அந்தப் பொண்ணு எங்கே இருக்கு?"

"காலைல வந்து ஒண்ணு வாங்கிக்கினு போச்சு. ஸ்டேஷனுக்குப் பின்னால ஷெட்டு காம்பவுண்டு கிட்ட நிக்குதுங்க, ஒரு கும்பலா. நான் சாமி கும்பிடறாங்கன்னு நெனச்சேன்."

தேவாவையும் சாட்சியாகப் பிடித்து, அவருடைய குட்டியானை வேனிலேயே எல்லோரும் ஏறினார்கள். பின்னால் பசை வாளிக்குப் பக்கத்தில் செல்வகுமாருக்கும் யூசுப்புக்கும் இடம் கிடைத்தது.

மின்சார ரயில்கள் நிறுத்தும் ஷெட்டின் நீளமான காம்பவுண்டுச் சுவர். அதன் நடுவில் தனியாகச் செல்வகுமாரின் கண்ணீர் அஞ்சலி. எதிரே முக்காலியில் ஒரு செல்போன், சுற்றிலும் நாலைந்து பிள்ளைகள். பென்சில் மீசை வைத்த ஒரு பையன், அளவுக்கு மீறிய கோட்டுக்குள் தொலைந்துபோய், போஸ்டரை முறைத்துக்கொண்டே பின்வாங்கி நடந்தான்.

"கிஷோர், மெதுவா! பயம் வேணும், பயம் வேணும்!" என்று கத்தினாள் இரட்டைப் பின்னல் போட்ட பெண்.

கிஷோர் பின்னால் வந்தான், வந்தான், வேனிலிருந்து இறங்கி நின்ற ஒருவர்மேல் முதுகு இடித்துத் திரும்பினான். சுவரில் இருந்த முகம் எதிரே நின்று, "சாரிப்பா" என்றது.

அந்த அலறல் அண்ணனூர் ஸ்டேஷனில் மூன்றாவது பிளாட்பாரம் வரை கேட்டிருக்கும். மற்ற பிள்ளைகள் திசைக்கொன்றாகப் பறந்தார்கள். இரட்டைப் பின்னல் மட்டும் நின்ற இடத்தில் நின்று, "யாரும் கட் பண்ணாதீங்க!" என்று கூவியது.

அவள்தான் ஸ்வாதி. ஆவடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு, இந்தப் படத்தின் டைரக்டர். செல்வகுமார் உயிரோடு இருப்பதில் அவளுக்கு சந்தோஷம், அந்த அலறல் பதிவானதில் அதைவிட சந்தோஷம்.

"மீடியா ப்ராஜெக்ட் ஆன்ட்டி. ஒரு த்ரில்லர் படத்தோட ஓப்பனிங் மட்டும் எடுக்கணும். முதல் ரெண்டு நிமிஷம். நாளைக்கு சப்மிஷன்."

"மிச்சப் படத்தை யாரு எடுப்பா?" என்று கேட்டான் யூசுப்.

"யாரும் எடுக்க மாட்டாங்கண்ணா."

"அப்ப கொலைகாரன் யாரு?"

"அது எங்களுக்கே தெரியாது."

துப்பறியும் தொழிலில் இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேர்மையான பதிலை யூசுப் கேட்டதில்லை.

"கிஷோர்தான் முதல்ல பொணம். போஸ்டர்ல வேற அங்கிள் வந்துட்டாரு, டைம் இல்லை, அதனால கிஷோரைத் துப்பறிவாளனா மாத்திட்டோம். ஊரெல்லாம் ஒட்டினது சத்தியமா எங்களுக்குத் தெரியாது ஆன்ட்டி. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள அந்த அங்கிள் 'தைரியமா இரும்மா'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு."

"பிப்ரவரி முப்பது யாரோட ஐடியா?"

"எங்க மிஸ்தான் சொன்னாங்க. நெஜத் தேதி போட்டா யாராவது உண்மைன்னு நம்பிடுவாங்களாம்."

"பேரு? செல்வகுமார்ங்கற பேரு எங்கேர்ந்து வந்தது?"

ஸ்வாதி செல்வகுமாரை ஓரக்கண்ணால் பார்த்தாள். "அதுவும் மிஸ் சொன்னதுதான். பொணத்துக்கு என்ன பேரு வைக்கலாம்னு கேட்டோம். அன்னிக்கு மிஸ் செம மூட் அவுட். 'செல்வகுமார்னு வை, சாகட்டும்'னாங்க."

சாமுண்டீஸ்வரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மேடம் கண்ணாடியைக் கழற்றினால் கேஸ் தலைகீழாகப் போகிறது என்று அர்த்தம்.

"உங்க மிஸ் பேரு என்னம்மா?"

"கவிப்பிரியா மிஸ். நூம்பல்லேருந்து வர்றாங்க."

செல்வகுமாரின் கையிலிருந்த ஹெல்மெட் கீழே விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை. பெண்ணின் ஜாதகத்தில், தன் கைப்பேசியில், பர்ஸில் என்று அவர் மூன்று இடத்தில் வைத்திருந்த பெயர் அது.

"உடுங்க மேடம், போலாம்" என்றார் கடைசியில். "பொண்ணுக்கு இஷ்டம் இல்ல. அவ்ளோதானே? வேணாம்னு வாயால சொல்லியிருந்தா நானே ஒதுங்கியிருப்பேன். சாவ வேண்டியதில்ல."

காலையிலிருந்து நாக்கு நுனியில் ஒரு ஜோக்கோடு திரிந்த யூசுப் குனிந்து ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்துக் கொடுத்தான்.

"நீங்க என்கிட்ட வந்தது பொண்ணு கேட்கவா, கொன்னது யாருன்னு கேட்கவா?" என்றார் சாமுண்டீஸ்வரி கறாராக. "கொன்னவங்களைப் பார்க்காம நான் கேஸை மூடறதில்லை. வண்டியில ஏறுங்க. ஸ்வாதி, நீயும் வா."

அயப்பாக்கம், திருவேற்காடு, வேலப்பன்சாவடி என்று குட்டியானை பறந்தது. வழியில் தென்பட்ட தன் போஸ்டர்களை தேவா வெட்கத்தோடு பார்க்காத மாதிரி ஓட்டினார். நூம்பலில் புதிதாக எழும்பிய வீடுகளுக்கு நடுவே பச்சை கேட் போட்ட ஒரு வீட்டின் முன்னால் நின்றபோது மணி நாலைத் தாண்டியிருந்தது.

கேட்டுக்கு உள்ளே கையைக் கட்டிக்கொண்டு நின்றார் பெண்ணின் அப்பா ராகவன். "யாரு நீங்கள்லாம்?"

"இறந்தவரோட ஆளுங்க சார். அவரும் வந்துகீறாரு" என்றான் யூசுப்.

தேவா சொன்னார், ஸ்வாதி சொன்னாள், நடுவில் இரண்டு பேரும் சேர்ந்தும் சொன்னார்கள். ராகவன் முழுக்கக் கேட்டார். செல்வகுமாரின் முகத்தையும் போஸ்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"சரிங்க. தம்பி இல்லை, இவரேதான். உயிரோடதான் இருக்கார், ஒத்துக்கறேன். ஆனா ஊரறிய அஞ்சலி போட்டாச்சே? பேருக்குச் செத்தாலும் சாவு சாவுதான். தீட்டு இருக்குல்ல? பதினாறு முடியட்டும், அப்புறம் வாங்க."

"தாராளமா" என்றார் சாமுண்டீஸ்வரி. "எந்த நாள்லேர்ந்து பதினாறு எண்ணப் போறீங்க?"

ராகவன் போஸ்டரில் தேதியைத் தேடிப் படித்தார். விரல் கணுக்களில் எண்ணத் தொடங்கினார். முதல் கணுவிலேயே நின்றுவிட்டார். "பிப்ரவரி முப்பதா? அப்படி ஒரு நாளே வராதே!"

"நாளே வரலைன்னா தீட்டு மட்டும் எப்படிங்க வரும்?"

சாஸ்திரம் என்றால் ராகவன் பதில் வைத்திருப்பார். இது காலண்டர் சமாச்சாரம். தலையைச் சொறிந்துகொண்டு கேட்டைத் திறந்தார்.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்ததுமே உள்ளறைக் கதவு திறந்தது. பட்டுப்புடவை இல்லை, பூ இல்லை, காபித் தட்டும் இல்லை. கசங்கிய சுடிதாரில், இமை வீங்கி, மூக்கு சிவந்து, வாசலில் பேசியதையெல்லாம் கேட்டுவிட்ட கவிப்பிரியா வந்து நின்றாள். ஸ்வாதி தன்னையறியாமல் எழுந்து, "குட் ஈவினிங் மிஸ்" என்றாள்.

கவிப்பிரியா யாரையும் பார்க்கவில்லை. நேராகச் செல்வகுமாரின் முன்னால் வந்தாள்.

"உங்களைக் கொன்னது நான்தான்" என்றாள். "அன்னிக்குக் காலையில உங்க பேரைச் சொல்லித்தான் வீட்டுல சண்டை. 'எவனோ ஒரு செல்வகுமாராம், வந்து பார்க்கறானாம்'னு கத்திட்டுப் போனேன். பசங்க பேரு கேட்டதும் வாயில அதுதான் வந்தது. எனக்குக் கருநாக்குன்னு அம்மா எப்பவும் சொல்வாங்க. நேத்து பஸ்ஸுலேர்ந்து போஸ்டரைப் பார்த்தேன். பேரையும் முகத்தையும் பார்த்ததோட சரி, அதுக்கு மேல படிக்க முடியலை. நான் சொன்னதுனாலதான் செத்துட்டீங்கன்னு..." துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள். "நேத்துலேர்ந்து ஒரு வாய் சோறு இறங்கலை எனக்கு."

செல்வகுமார் எழுந்து நின்றார்.

"எங்க டீம்ல போஸ்டரைப் பாத்ததும் அடுத்த கேப்டன் யாருன்னு ஓட்டுப் போட்டுட்டாங்க" என்றார் மெதுவாக. "கம்பெனில என் சேரை வேற ஒருத்தரு இழுத்துப் போட்டுக்கினாரு. எனக்காக அழுதது நீங்க ஒருத்தர்தாங்க."

தேவா சட்டை நுனியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யூசுப் தொண்டையைச் செருமினான். அழுகை அவனுக்கும் வந்தது, அதை மறைக்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

ராகவன்தான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "அப்ப, பொண்ணுக்குச் சம்மதம்னு..."

"அப்பா, இருங்க. இவரை இப்பதான் உயிரோட பார்க்கறேன்."

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, செல்வகுமாருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க. உங்களுக்கு என்னல்லாம் பிடிக்கும்?"

இதே கேள்விக்கு எத்தனையோ பதிலை அவர் மனப்பாடம் செய்து வைத்திருப்பார் என்று யூசுப்புக்குத் தெரியும். அதையெல்லாம் விட்டுவிட்டு அவர் சொன்னார்:

"இப்போதைக்கு, உயிரோட கீறதுதான் ரொம்பப் புடிச்சிருக்குங்க. மிச்சத்தைக் கொஞ்சம் யோசிச்சுச் சொல்லட்டுமா? டைம் கீதா?"

"இருக்கு" என்றாள் கவிப்பிரியா.